மொட்டை மரத்துக்கு ஜாமீன்

தோட்டக்கார அம்மாள் ஃபுசாயோ, பல் மருத்துவர் வீட்டுக் குளியலறை ஜன்னலை ஏணி போட்டு எட்டிப் பார்த்துப் போலீஸில் மாட்டிக்கொண்டாராம். முடிதிருத்தும் ஹிரானுமா என் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டே சொன்னார். அவருக்குச் சொன்னது அவர் மனைவி. மனைவிக்குச் சொன்னது பல் பிடுங்கிக்கொண்டு திரும்பிய யாரோ ஒருவர். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு சொன்ன செய்தி என்பதால் நடுவில் சில சொற்கள் விட்டுப்போயிருக்கலாம்.

"கையில பைனாகுலர் வேற வெச்சிருந்தாங்களாம்" என்று ஹிரானுமா என் காதோரம் கத்தரியை நிறுத்தினார். "அந்த டாக்டரப் பாக்கிறதுக்கு எதுக்குங்க பைனாகுலர்? அவரோட தொப்பை ரயில்வே ஸ்டேஷன்லேருந்தே தெரியுமே."

நான் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து, அதில் ஒன்றும் தெரியாதபடி வைத்துக்கொண்டேன். அயலூரில் குடியிருப்பவன் வம்பைக் கேட்கலாம். கேட்ட மாதிரி இருக்கக் கூடாது.

இரண்டொரு நாளில் ஃபுசாயோவே தெருவில் எதிர்ப்பட்டார். கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவருக்கு அந்தச் சிரமம் கிடையாது.

"என்ன இந்தியா, நீயும் கேள்விப்பட்டியா?" என்றார். அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. பெயர் நாக்கில் சிக்குகிறதாம், நாடு சிக்கவில்லையாம். "ஆமா, பாத்தேன். ஒட்டுத்துணி இல்லாம நின்னுச்சு. அப்படியொரு தோலு இந்த ஊர்ல எவளுக்கும் கிடையாது. எவனுக்கும்தான்."

நின்றது ஒரு மரம். குளியலறை ஜன்னலை ஒட்டி வளர்ந்த சாருசுபெரி, குரங்கு ஏறினாலும் வழுக்கும் என்று பெயரெடுத்தது. கோடையில் அது கொத்துக் கொத்தாகப் பூக்கும்போது தெருவே நின்று பாராட்டும். ஃபுசாயோ திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். இலையெல்லாம் கொட்டி, பட்டை உரிந்து, டிசம்பர் மழையில் நனைந்து உடம்பு மினுங்கும்போதுதான் ஏணியோடு வந்து சேருவார். பிடிக்க வந்த போலீஸ்காரரையும் ஏணியில் ஏற்றிக் காட்டியிருக்கிறார். அந்த ஆள் வெகு நேரம் கழித்து இறங்கி, "அடுத்த தடவை சொல்லிட்டுப் பாருங்கம்மா" என்று மட்டும் சொன்னாராம்.

"யார்கிட்ட சொல்லிட்டு? மரத்துக்கிட்டயா?" என்றார் ஃபுசாயோ.

குள்ளமான, அகலமான பெண்மணி. அறுபதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார். தலையில் முறுக்கிக் கட்டிய துண்டு, கணவருடைய பழைய பஞ்சு மேல்சட்டை, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். வாயில் எப்போதும் ஒரு குச்சி இருக்கும்: கடித்தால் மணக்கும் கொரோமோஜிப் புதரின் குச்சி. பேசும்போது அதை எடுக்க மாட்டார். திட்டும்போது மட்டும் எடுத்து எதிராளியின் மார்பைச் சுட்டுவார். கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். சட்டைப் பையில் கவாத்துக் கத்தரி. இவர் நடந்து வருவதற்குச் சற்று முன்பே குரல் வந்துவிடும்.

ஜப்பானில் நான் குடியிருக்கும் இந்தத் தகாதாவில் மரங்களைப் பற்றி இவர் சொல்லும் கருத்துகளைத் தோட்டம் வைத்திருக்கும் கண்ணியமான மனிதர்கள் காதில் வாங்கிக்கொள்ளக் கூடாது. ஆனால் வேறு வழியில்லை. கத்தரி இவர் கையில் இருக்கிறது.

"இலைங்கிறது துணி. துணியப் போத்திக்கிட்டா எல்லாரும் அழகுதான். என் வீட்டுக்காரரே கோட்டு போட்டா பாக்கிற மாதிரி இருப்பாரு" என்பார். வசந்தத்தில் கோட்டைப் பூங்காவின் செர்ரிப் பூக்களைப் பார்க்க ஊர் ஊராகப் பேருந்தில் வந்து இறங்குகிறார்களே, அந்த வாரம் முழுக்க ஃபுசாயோ கத்தரியை மூடிவைத்துவிட்டு மலைப்பக்கம் வெந்நீர் ஊற்றில் போய் உட்கார்ந்துகொள்வார். "மேக்கப்பப் பாத்துட்டுப் போறாங்க. மூஞ்சியப் பாக்கணும்னா ஜனவரியில வரணும். வருவானா ஒருத்தன்?"

பசுமை மாறா மரங்கள் மேல் இவருக்கு நம்பிக்கை கிடையாது. கமேலியாவைப் பார்த்தால் உதட்டைப் பிதுக்குவார். "வருஷம் முழுக்கச் சட்டையக் கழட்டாதவன் உள்ள எதையோ ஒளிச்சு வெச்சிருக்கான்னு அர்த்தம்." பைன் மரத்தைப் பணக்கார நோயாளி என்பார். நடுவில் ஒரு கம்பம் நட்டு, உச்சியிலிருந்து ஒவ்வொரு கிளைக்கும் வைக்கோல் கயிறு இழுத்துக் கட்டி, குடைக்கம்பிகள் போல விரித்துத் தாங்கிப்பிடிக்காவிட்டால் முதல் கனத்த பனிக்கே முறிந்து விழும். "வர்றவங்க எல்லாரும் கயிறு என்ன அழகுன்னு ஃபோட்டோ எடுக்கிறாங்க. ஆஸ்பத்திரியில கட்டுப்போட்டுப் படுத்திருக்கிறவனையும் இப்படித்தான் எடுப்பாங்களா?" ஆனால் அந்தக் கட்டுப் போடுவதுதான் இவருக்குச் சோறு போடுகிறது என்பதால் நவம்பரில் இந்தக் கருத்தைச் சற்றுக் குரல் தாழ்த்திச் சொல்வார்.

பனிக்குள் மஞ்சளாகப் பூத்து வாசனை பரப்பும் ரோபாய்ப் புதரை எல்லோரும் கொண்டாடும்போது இவர் கொண்டாட மாட்டார். "வகுப்பே தூங்குறப்ப இவன் ஒருத்தன் மட்டும் ஹோம்வொர்க் முடிச்சுட்டு வந்து கையத் தூக்குவான். எனக்கு அப்பவே ஆகாது."

பிடித்தவை வேறு. கொபுஷி மரத்தின் மொட்டுகள் ரோமம் போர்த்திப் பூனைக்குட்டியின் பாதம் போல இருப்பது பிடிக்கும். போகும்போது ஒன்றிரண்டைத் தடவிவிட்டுப் போவார். என் வீட்டு வாசலில் நிற்கும் நிஷிகிகிப் புதரின் குச்சிகள் பிடிக்கும். நாலு பக்கமும் தக்கைபோல மெல்லிய இறக்கை முளைத்திருக்கும் அவற்றில் பனி உட்கார்ந்தால், கோலமாவு கொட்டிய கோடுகள் போல ஆகிவிடும். இலையுதிர் காலத்தில் அது தீப்பிடித்ததுபோல் சிவக்கும்போது, "சீக்கிரம் கொட்டித் தொலையேன்" என்று அதனிடம் சொல்லிவிட்டுப் போவதை நானே கேட்டிருக்கிறேன்.

எல்லாவற்றையும்விடப் பிடித்தது அக்ரூட் மரத்தின் தழும்புகள். இலை உதிர்ந்த இடத்தில் கிளையில் ஒரு வடு விழுகிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் இரண்டு கண், ஒரு நீள மூக்கு, கொஞ்சம் கோணலான வாய்: ஆட்டு முகம். ஒவ்வொன்றும் ஒரு தினுசு. அவற்றுக்குத் தெருக்காரர்களின் பெயரை வைத்திருக்கிறார்.

"இது நம்ம குவாபரா. பாரு, கடன் கேக்க வந்தவனப் பாக்குற மாதிரி இருக்கா? இது பல் டாக்டர். இது நீ."

பார்த்தேன். என்னுடையது கவலையாக இருந்தது.

நவம்பரில் பனி வருவதற்கு முன் ஊரிலுள்ள புதர்களையெல்லாம் மூங்கில் கழி சாத்திக் கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும். இங்கே விழும் பனி ஈரப்பனி. ஈரத்துணி மூட்டைபோல் வந்து உட்காரும். கட்டாத புதர் விரிந்து கிழிந்துவிடும். ஃபுசாயோ தினம் ஏழெட்டு வீடு கட்டுவார். கட்டி முடித்த தோட்டம் ஊருக்குப் புறப்படத் தயாராக மூட்டை கட்டி வைத்த வீடு மாதிரி நிற்கும். ஆனால் ஒவ்வொரு தோட்டத்திலும் ஏதோ ஒரு செடியை மட்டும் கட்டாமல் விட்டுவிட்டு வருவார். வீட்டுக்காரர் கேட்டால், "கயிறு தீந்துபோச்சுங்க, நாளைக்கு வர்றேன்" என்பார். லாரியின் பின்பக்கம் கயிறு மலைபோல் கிடக்கும். நாளைக்கு வரவும் மாட்டார். அந்தச் செடி அவர் போகும்போதும் வரும்போதும் வேலிக்கு மேலாகப் பார்த்துக்கொள்வதற்கு. பனி கனத்து விழுந்த மறுநாள் காலையில் முதல் வேலையாக அந்த வீடுகளுக்குத்தான் ஓடுவார், நீள மூங்கிலால் அந்த ஒற்றைச் செடியின் மேல் விழுந்த பனியைத் தட்டிவிட. வீட்டுக்காரர்கள் இதைத் தொழில் பக்தி என்று நினைத்துத் தேநீர் கொடுப்பார்கள். அவரும் குடிப்பார்.

இந்த ஃபுசாயோ கத்தரி வைக்காத மரம் ஒன்று எங்கள் தெருவில் இருக்கிறது. தெரு வளைகிற இடத்தில், சாக்கே என்ற அரிசி மது விற்ற, எப்போதோ இடித்துவிட்ட கடையின் காலி மனையில் நிற்கும் கெயாகி. கடைக்காரர் மனையைத் தெருச் சங்கத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். மரம் சங்கத்தின் பொறுப்பு. பனிக்காலக் காலைகளில் ஃபுசாயோ தன் சின்ன வெள்ளை லாரியை அதன் எதிரே நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, டப்பாக் காப்பியை உறிஞ்சிக்கொண்டே பார்ப்பார். அப்போது பேச்சு இருக்காது. நான் அறிந்து அவர் வாயை மூடியிருக்கும் நேரம் அது ஒன்றுதான்.

"ஏன் இதை மட்டும் வெட்டுறதில்லை?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மத்த மரமெல்லாம் நான் கை வெச்சா தேறும். நான் கை வெச்சா கெட்டுப்போற மரம் இது ஒண்ணுதான்" என்றார். குச்சியை வாயில் இடம் மாற்றிக்கொண்டார். "கடுப்பாத்தான் இருக்கு."

அந்த மரத்தை வெட்ட வேண்டும் என்று போன இலையுதிர் காலத்தில் தெருச் சங்கம் பேச ஆரம்பித்தது.

காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் தெருவில் வீட்டு முன்னால் குவியும் பனியைத் தள்ளிக் கரைக்க ஒரு வாய்க்கால் ஓடுகிறது. ஒவ்வொரு தெருவுக்கும் முறை உண்டு. நம் முறை வரும்போது நகராட்சி தண்ணீரைத் திறந்துவிடும், எல்லோரும் மண்வாரியோடு வெளியே வந்து ஒரே மூச்சில் பனியை அதில் தள்ள வேண்டும். அதற்கு முந்திய குளிர்காலத்தில் கெயாகியின் இலைகள் வாய்க்கால் கம்பியில் அடைத்து, தண்ணீர் மேலேறி, நுனோகாவா அம்மாளின் வாசலுக்குள் புகுந்துவிட்டது. புகுந்த தண்ணீர் உறைந்தது. கதவு திறக்கவில்லை. தனியாக இருக்கும் அந்த அம்மாளைத் தீயணைப்பு ஆட்கள் மாடி ஜன்னல் வழியாக, இரவு உடையோடு, தெருவே பார்க்க இறக்கினார்கள். அவர் ஓய்வுபெற்ற தபால் நிலைய அதிகாரி. பொத்தான் போடாமல் குப்பை கொட்டக்கூட வெளியே வராதவர்.

அதனால் சங்கத்தின் தலைவர் குவாபரா, வெட்டிவிடலாம் என்றார். குவாபரா மெத்தைக் கடைக்காரர். ஃபுசாயோவோடு ஒரே வகுப்பில் படித்தவர். கூட்டத்துக்கு ஃபுசாயோவையும் கூப்பிட்டிருந்தார்கள், மரத்துக்காகப் பேச அல்ல, வெட்டுகிற வேலை அவருக்குத்தான் வரும் என்று அவரிடம் சொல்ல.

ஃபுசாயோ எழுந்து நின்றார். மரத்தைக் காப்பாற்ற உருக்கமாக ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்து நான் சங்கடத்தோடு பாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இலை அடைச்சது நிஜம்தான்" என்றார். "அதுங்கள எனக்கும் பிடிக்காது. ஊருல யாரும் என் அளவுக்கு இலைய வெறுத்திருக்க மாட்டீங்க. ஏப்ரல்லேருந்து நவம்பர் வரைக்கும் அந்த மரம் பண்ற கூத்துக்கு நான் பொறுப்பில்ல. மீதி மாசத்துக்கு நான் ஜாமீன். ஆனா ஒண்ணு. இந்தத் தெருவுல ஒருத்தராவது அது மொட்டையா நிக்கிறதப் பாத்திருக்கீங்களா?"

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு நீட்டிவிட்ட கூரைக்குக் கீழேதான் நடைபாதை போகிறது. பனிக்காலம் வந்துவிட்டால் ஜனங்கள் கடைக்கும் ரயிலடிக்கும் அந்தக் கூரைக்கு அடியிலேயே, வழுக்கிவிடுமோ என்று காலடியைப் பார்த்தபடி போய்வருகிறார்கள். மேலே பார்க்க வழியும் இல்லை, வானமும் இல்லை. பிறந்ததிலிருந்து இந்தத் தெருவில் இருப்பவர்கள் அந்த மரத்தைப் பச்சையாகப் பார்த்திருக்கிறார்கள், குப்பையாகப் பெருக்கியிருக்கிறார்கள். ஜனவரியில் பார்த்ததில்லை.

"அத எதுக்குப் பாக்கணும்?" என்றார் குவாபரா.

"தண்டனை குடுக்குறதுக்கு முன்னாடி ஆள நேர்ல பாக்கிறதில்லையா? எப்படியும் பனிக்காலத்துலதான் வெட்டணும், சாறு இறங்கியிருக்கும்போது. அதுவரைக்கும் பொறு. அப்புறமும் வெட்டணும்னா நான்தான் வெட்டுவேன். வேற எவனாவது மெஷினத் தூக்கிட்டு வந்தான்னா, அவன் மேல ஏறினதும் ஏணிய எடுத்துட்டுப் போயிடுவேன்."

ஜனவரி வரை தள்ளிவைத்தார்கள். மிரட்டலுக்குப் பயந்து என்று சொல்ல மாட்டேன். ஒத்திப்போட ஒரு காரணம் கிடைத்தால் எந்தச் சங்கமும் விடாது.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்திய நாளெல்லாம் கொட்டிய பனி நின்று, காலையில் வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. எங்கள் தெருவின் வாய்க்கால் முறை. தண்ணீர் வரும் சத்தம் கேட்டதும் எல்லோரும் மண்வாரியோடு கூரைக்கு வெளியே வந்தோம். அந்த நேரத்தில் வராமல் இருக்க முடியாது. வராத வீட்டின் பெயர் வசந்தம்வரை பேசப்படும். வேர்க்க வேர்க்கத் தள்ளினோம். தள்ளி முடித்து நிமிர்ந்தால் மூக்கில் முள்ளங்கி வேகிற வாசனை.

காலி மனையில், மிதித்துத் தட்டையாக்கிய பனிமேல், பூக்காலத்தில் பூங்காவில் விரிப்பார்களே அதே நீலத் தார்ப்பாய். நடுவில் கேஸ் அடுப்பு. அடுப்பின் மேல் ஒரு பெரிய பாத்திரம் நிறைய ஓதேன்: முள்ளங்கி, முட்டை, மீன் கொழுக்கட்டை. கரண்டியோடு ஃபுசாயோவின் கணவர் எய்சாகு, இதில் தனக்குச் சம்பந்தமில்லை என்ற முகத்தோடு.

"நான் சமைக்க மட்டும்தான் வந்தேன்" என்றார், யாரும் கேட்பதற்கு முன்பே.

"எல்லாரும் வாங்க, பூட்ஸோடவே உக்காருங்க" என்றார் ஃபுசாயோ. "செர்ரி பாக்க உக்காருவீங்கல்ல? அதே மாதிரிதான். சாக்கே சுட வெச்சிருக்கேன். ஒரே ஒரு விதி. குடிக்கும்போது மேல பாத்துத்தான் குடிக்கணும்."

வேர்த்த உடம்பு, வெறும் வயிறு, கண்ணெதிரே ஆவி பறக்கும் பாத்திரம். இந்த ஊரில் நீட்டிய கிண்ணத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நகர்வது எளிதல்ல. ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். மேலே பார்த்தார்கள்.

தென்னந்துடைப்பத்தைக் கட்டவிழ்த்துத் தலைகீழாக நட்டதுபோல, அடியிலிருந்து அத்தனை கிளையும் ஒரே தீர்மானத்தோடு மேலே போகிறது. ஒன்று இரண்டாகிறது, இரண்டு நாலாகிறது; எங்கேயும் ஒரு கிளை இன்னொன்றின் வழியில் குறுக்கிடவில்லை. நுனிக்குப் போகப் போக மிலாறு மெலிந்து, மயிராகி, பிறகு புகையாகி, நீலத்துக்குள் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு கிளையின் மேல்பக்கத்திலும் பனி ஒரு வெள்ளைக் கோடு இழுத்திருந்தது. காற்றில்லாமலேயே எங்கோ ஒரு கோடு உடைந்து பொடியாக இறங்கி, எய்சாகுவின் பாத்திரத்தில் விழுந்தது.

"இதுக்கு முடி வெட்டினது யாரு?" என்றார் ஹிரானுமா. தொழில்முறைக் கேள்வி.

"யாரும் இல்ல."

"பொய் சொல்லாதீங்க. இப்படி நுனி சேராது."

"சேராதுன்னா நீங்க வந்து கத்தரி வையுங்க."

ஹிரானுமா தலையைச் சாய்த்து இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு தன்னையறியாமல் தொப்பியைக் கழற்றித் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

குவாபரா முட்டையைத் தின்றுகொண்டிருந்தார். மேலே பார்க்கவில்லை.

"ஷிகே, தலையத் தூக்கு" என்றார் ஃபுசாயோ. பள்ளிக்கூடத்துப் பெயர்.

"எனக்குக் கழுத்து வலி."

"மெத்தைக் கடை வெச்சிருக்க, கழுத்து வலிங்கிற. உன் கடையில எவன் வாங்குவான்?" என்று அவர் தாடையைக் கையால் பிடித்து மேலே தள்ளினார். வாயில் பாதி முட்டையோடு தலைவர் வானத்தைப் பார்த்தார். கை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் தலை அங்கேயே இருந்தது.

"நம்ம ஸ்கூலுக்கு இது வழியாத்தானே போவோம்" என்றார். அவ்வளவுதான்.

நுனோகாவா அம்மாள் தார்ப்பாயின் ஓரத்தில், முதுகை நேராக வைத்து, எல்லாப் பொத்தானும் போட்டு உட்கார்ந்திருந்தார். விதிப்படி மேலே பார்த்தபடியே சாக்கேயை ஒரு வாய் குடித்தார். வெகு நேரம் பார்த்தார். எல்லோரும் அவர் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தார்கள். சொல்ல உரிமை இருந்தது அவருக்குத்தான்.

"இவ்வளவு பெருசுன்னு எனக்குத் தெரியாது" என்றார் கடைசியில். "இலை இருக்கும்போது தெரியல. என் கூரை மேல அந்த ஒரு கிளை எவ்வளவு தூரம் வந்திருக்கு பாருங்க. இனிமே ராத்திரி தூக்கம் வராது."

எய்சாகு கரண்டியைக் கீழே வைத்தார். "நான் அப்பவே சொன்னேன்" என்றார் மனைவியிடம். அவர் அப்போது ஒன்றும் சொல்லவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

ஃபுசாயோ குச்சியை வாயிலிருந்து எடுத்தார். யார் மார்பையும் சுட்டவில்லை. கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அழகா இல்லையா?" என்று கேட்டார். இப்படி ஒரு சாதாரணக் கேள்வியை அவர் கேட்டு நான் அறிந்ததில்லை.

"அழகாத்தான் இருக்கு. அழகா இருந்தா விழாதா?"

"நவம்பர் பூரா உங்க வாசல் வாய்க்கால நான் வாருறேன். தினமும். பனி விழுந்தா அந்தக் கிளையத் தட்டிவிடுறேன்."

"எத்தனை வருஷம் தட்டுவீங்க?"

"சாகிற வரைக்கும்."

"நீங்க என்னைவிடப் பத்து வயசு சின்னவங்க. உங்களுக்கு அப்புறம் நான் இருக்கப்போறதில்ல. ஆனா வீடு இருக்கும், வேற யாராவது இருப்பாங்க. அவங்களுக்கு?"

"அவங்க வெட்டிக்கட்டும்" என்றார் ஃபுசாயோ. "நான் பாக்கப்போறதில்லையே."

நுனோகாவா அம்மாள் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பதில் நியாயமானதா, துடுக்குத்தனமா என்று தீர்மானிக்க முடியாதவர்போல் உதட்டைத் துடைத்துக்கொண்டார். பிறகு இன்னொரு முள்ளங்கி கேட்டார்.

சங்கத்தின் பொறுப்பாளர்கள் ஐந்து பேர். குவாபரா, ஹிரானுமா, நுனோகாவா அம்மாள், இன்னும் இரண்டு பேர். சாப்பிட்டு முடித்ததும் மெத்தைக் கடையின் பின்னறையில், கணப்பு மேசைக்குள் காலை விட்டுக்கொண்டு பேசி முடிவெடுக்கப் போனார்கள். ஃபுசாயோவுக்கு அங்கே இடமில்லை. வெட்டுகிற வேலை அவருக்கு வரக்கூடியது என்பதால் உட்காரக் கூடாது என்பது சங்கத்தின் விதி. எனக்கும் இல்லை. அதில் எனக்கு நிம்மதிதான்.

"முடிவானதும் ஃபோன் பண்றேன்" என்றார் குவாபரா, பூட்ஸைத் தட்டிக்கொண்டே. "வெட்டுறதுன்னு ஆனா நாளைக்கே ஆரம்பிச்சிடு. செவ்வாயிலேருந்து மறுபடி பனின்னு சொல்றாங்க."

"தெரியும். போ."

"நான் எதுவும் சொல்ல முடியாது, ஃபுசாயோ. அஞ்சு பேரு."

"போடா, கணப்பு ஆறிடப்போகுது."

எய்சாகு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். நான் தார்ப்பாயை மடித்தேன். ஃபுசாயோ லாரியிலிருந்து மூன்று கால் ஏணியை இறக்கி, மரத்தடியில் விரித்து, நீள மூங்கிலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஏறினார். நுனோகாவா அம்மாளின் கூரைப் பக்கம் நீண்டிருந்த அந்தக் கிளையில் பனி கனமாக உட்கார்ந்திருந்தது. நான் ஓடிப்போய் ஏணியைப் பிடித்தேன். மூன்று கால் ஏணிக்குப் பிடிப்பு தேவையில்லை. எனக்குத் தேவைப்பட்டது.

"வேலையப் பாரு இந்தியா. அது நிக்கும்."

"இன்னிக்கே தட்டணுமா? முடிவு தெரிஞ்சப்புறம்…"

"அந்தம்மா ராத்திரி தூங்கணுமில்ல."

தட்டினார். பனி பொத்தென்று கொத்தாக விழுந்து, என் தலையிலும் சட்டைக் காலருக்குள்ளும் இறங்கியது. கனம் போன கிளை மெதுவாக, சோம்பல் முறிப்பதுபோல், தன் இடத்துக்கு உயர்ந்தது. அவர் அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கிளை. அதுவும் உயர்ந்தது. எனக்கு மெத்தைக் கடைப் பக்கம் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கதவு சாத்தியிருந்தது. பேசி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும், சீக்கிரம் முடிந்தால் நல்லதா, தாமதித்தால் நல்லதா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஏணி மேல் அந்தக் கணக்கு எதுவும் நடப்பதாகத் தெரியவில்லை.

"இங்க வந்து பாரேன்" என்றார். "நுனியில மொட்டு வெச்சிருக்கு. எள்ளு மாதிரி. இவ்வளவு பெரிய ஆளுக்கு இத்தனூண்டு மொட்டு. வெக்கமே இல்ல."

அப்போது அவருடைய மேல்சட்டைக்குள் ஃபோன் மணி அடித்தது.

மூங்கிலை ஒரு கிளையில் சாய்த்துவிட்டு, கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி, ஃபோனை எடுத்தார். திரையைப் பார்த்தார். யார் என்று அவர் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை.

"எடுங்க" என்றேன் கீழிருந்து. என் குரல் நான் நினைத்ததைவிட உரக்க வந்தது. "ஃபுசாயோ-சான், எடுங்க."

அவர் ஏணியில் இன்னும் ஒரு படி ஏறினார். அடிமரம் முதன்முதலாக இரண்டாகப் பிரியும் கவட்டில் இருந்த பனியை வெறுங்கையால் வழித்து எறிந்தார். அடித்துக்கொண்டிருந்த ஃபோனை அந்தக் கவட்டில் செருகி, விழாமல் இருக்கிறதா என்று ஒருமுறை அசைத்துப் பார்த்தார்.

"உன் விஷயம்தான்" என்றார் மரத்திடம். "நீயே பேசிக்கோ."

கையுறையை மாட்டிக்கொண்டு, மூங்கிலை எடுத்து, அடுத்த கிளையைத் தட்டினார்.